கூரை எந்தப் பக்கம் சாய்கிறது?

மேகம் கறுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்படியிலிருந்து ஆச்சியின் குரல் வந்துவிட்டது. "அண்டாவை எடுத்து வைங்க! ஏய், யாராவது அண்டாவை எடுத்து வைங்கப்பா!"

கானாடுகாத்தானில் என் நண்பரின் வீடு. தீபாவளி விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆச்சியின் பேத்தியும் பேரனும் பித்தளை அண்டாக்களை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். பேத்தி ஆறாம் வகுப்பு, பேரன் நான்காம் வகுப்பு. வளவு வாசலின் நான்கு மூலைகளிலும் கூரைத் தண்ணீர் கொட்டும் தகரக் குழாய்களுக்குப் பக்கத்தில் அண்டாக்கள் உட்கார்ந்தன.

வளவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டு வீட்டில் திண்ணையும் முகப்பும் தாண்டி உள்ளே போனால் பெரிய நடுப்பகுதி வரும். சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள், நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்த முற்றம்தான் வளவு வாசல். கல்யாணம், சடங்கு, வற்றல் காயவைப்பது, பிள்ளைகள் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வது எல்லாம் அங்கேதான்.

மழை இறங்கியது. குழாயில் தண்ணீர் வந்ததும் பேரன் அண்டாவை அதன் கீழே நகர்த்தப் போனான். ஆச்சி அதட்டினார். "இப்பவே பிடிக்காதே. மொத மழை ஓட்டைக் கழுவட்டும். அணில் போனது, காக்கா போனதெல்லாம் போகட்டும். அப்பறம் பிடி."

கால் மணி நேரம் கழித்துப் பிடித்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கூரையிலிருந்து வரும் முதல் மழைநீரை வெளியே விட்டுவிடு என்று இன்றைக்கு மழைநீர் சேகரிப்புப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஆச்சி அந்தப் புத்தகங்களைப் படித்தவர் இல்லை.

அப்போதுதான் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, எங்க ஸ்கூல்ல கூரை வெளிப்பக்கமா சாயுது. மழைத்தண்ணி வெளியே போயிடும். இங்கே மட்டும் ஏன் கூரை வீட்டுக்குள்ளே சாயுது? தண்ணியை யாராவது வீட்டுக்குள்ளே கூப்பிடுவாங்களா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

செட்டிநாட்டை உண்டாக்கிய நகரத்தார் தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த வணிகர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலையும் சொல்கிறது. கடலோரத்தை விட்டு உள்நாட்டுக்கு வந்தவர்கள் பாண்டிய நாட்டின் வறண்ட மேட்டு நிலத்தில் குடியேறினார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களை மையமாக வைத்து ஊர்களைப் பரப்பினார்கள். ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது எழுபத்தைந்து ஊர்கள் அளவில், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. இது ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை. எந்த வருடம், எந்த வெள்ளம் என்று தேதி போட்டு எழுதும் வரலாறு வேறு. ஆனால் வீடுகளைப் பார்த்தால் அந்தக் கதை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. தெருவிலிருந்து ஐந்தாறு படி ஏறித்தான் திண்ணைக்கே போக முடியும். "தண்ணிக்குப் பயந்த சனங்க, அதான் இவ்வளவு ஒசரம்" என்பார் ஆச்சி.

தண்ணீருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் தண்ணீரே இல்லாத இடத்தில் வந்து நின்றார்கள். அதுதான் வேடிக்கை.

இவர்களைப் போலவே ஊரை விட்டுப் போன இன்னொரு கூட்டத்தைப் பார்க்க, இப்போது உலக வரைபடத்தில் அப்படியே மேலே, வட துருவத்துப் பக்கம் போவோம். ஐஸ்லாந்து என்று ஒரு தீவு. 1875 மார்ச்சில் அங்கே அஸ்கியா என்ற எரிமலை வெடித்தது. எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி பூவாக இருக்காது. பொடிப்பொடியான கண்ணாடித் தூள் அது. காற்றில் ஏறி நார்வே, சுவீடன் வரை போய் விழுந்தது. கிழக்கு ஐஸ்லாந்தில் ஆடு மேயும் புல்வெளிகள் சாம்பலுக்கு அடியில் போய்விட்டன. ஏற்கெனவே குளிராலும் வறுமையாலும் நொந்திருந்த மக்களில் பலர் மூட்டை கட்டினார்கள். அவர்களுக்கு முன்பே ஐஸ்லாந்தை விட்டு வந்திருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி கனடாவில் வின்னிபெக் ஏரிக் கரையில் தட்டைப் படகுகளில் வந்து இறங்கினார்கள். ஊருக்குக் கிம்லி என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய பழைய புராணத்தில், உலகம் அழிந்தபின் பிழைத்தவர்கள் போய் வாழும் மண்டபத்தின் பெயர் அது. குளிருக்கும் வறுமைக்கும் தப்பி வந்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சில வருடங்கள் கழித்து, 1880களில், அவர்களில் சிலர் தென்மேற்கே ஆர்கைல் என்ற பகுதிக்குப் போனார்கள். அது பிரேரி நிலம். கண்ணுக்கு எட்டின தூரம் புல், புல், புல். மரம் தேட வேண்டும். அங்கே பால்டர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதுவும் அவர்களுடைய பழைய கடவுளின் பெயர்தான். நம் ஊர்க்காரர்கள் குடிபோகும் இடத்துக்கெல்லாம் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் வீடுகளின் கூரை எந்தப் பக்கம் சாயும்? வெளிப்பக்கம். காரணம் பனி. புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரிதான் இருக்கும். ஆனாலும் ஒரு கன மீட்டர் பனி ஏறக்குறைய 100 கிலோ எடை. கூரையில் அரை மீட்டர் உயரம் பனி நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். கூரை முழுக்க சிமெண்ட் மூட்டை அடுக்கி வைத்ததாக நினைத்துப் பாருங்கள். வழுக்கிக் கீழே விழும்படி சரிவாகக் கட்டி வெளியே தள்ளிவிட வேண்டும். உள்ளே சாய்த்தால் வீடு உட்கார்ந்துவிடும்.

அவர்களுக்கு வானத்திலிருந்து வருவது பாரம். நமக்கு வானத்திலிருந்து வருவது குடிநீர். அதனால் அங்கே கூரை வெளியே சாய்கிறது, இங்கே உள்ளே சாய்கிறது.

"அவ்வளவுதானா?" என்றாள் பேத்தி. இல்லை, இனிமேல்தான் கணக்கு இருக்கிறது.

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வானிலைச் செய்தியில் "50 மில்லிமீட்டர் மழை பதிவானது" என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். நூறு சென்டிமீட்டரை நூறு சென்டிமீட்டரால் பெருக்கி, அதைப் பத்தில் ஒரு பங்கு சென்டிமீட்டரால் பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் கன சென்டிமீட்டர் வரும். அதுதான் ஒரு லிட்டர்.

வளவைச் சுற்றியுள்ள கூரை 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழைக்கு 400 x 50 = 20,000 லிட்டர். இரண்டு லாரித் தண்ணீர்! ஒரே மாலையில், வாடகை இல்லாமல், வீட்டு வாசலுக்குள்ளேயே வந்து இறங்கும் லாரி. சிவகங்கைப் பக்கம் ஒரு வருடத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 400 x 900 = 3,60,000 லிட்டர். ஆவியானது, சிந்தினது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 2,88,000 மிஞ்சும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் ஆறு பேர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வேண்டும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடையைப் பார்த்ததும் பேரன் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம் ஓடினான்.

"900 மில்லிமீட்டர் என்றால் நிறையத்தானே? அப்புறம் ஏன் வறண்ட ஊர் என்கிறீர்கள்?" என்று உங்களில் யாராவது கேட்டால் முதுகில் தட்டிக்கொடுப்பேன். மழை வருடம் முழுக்கப் பரவி வருவதில்லை. அதில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். சம்பளத்தை முதல் தேதியிலேயே செலவழித்த வீடு மாதிரி. ஆகவே, இந்த ஊரில் பிழைக்க வேண்டுமானால் கொட்டும்போது பிடித்து வைக்கத் தெரிய வேண்டும்.

நிலமும் ஒரு மாதிரியானது. காரைக்குடியில் பள்ளம் தோண்டினால் மாதுளம்பழ நிறத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு கல் வரும். செம்புறாங்கல் என்போம். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊர்களில், மழைநீர் பல லட்சம் ஆண்டுகளாகப் பாறைக்குள் புகுந்து கரையக்கூடியதை எல்லாம் கரைத்து எடுத்துப் போய்விடுகிறது. கரையாமல் மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். அந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிவிடுகிறது. சிவப்பு அதனால்தான். சுருக்கமாகச் சொன்னால் நாங்கள் துருவின் மேல் குடியிருக்கிறோம். மண்ணுக்கு அடியில் இருக்கும்போது வெட்டுவதற்கு இளக்கமாக இருக்கும் இந்தக் கல், வெட்டி வெளியே போட்டுக் காற்றுப்பட்டதும் இறுகிவிடும். கேரளத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆய்வாளர், லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1807இல் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். செங்கல் மாதிரி அறுத்து அடுக்கலாம் என்பதால்தான்.

இங்கே ஒரு குறும்பான விஷயம். காரைக்குடியிலேயே துருவை எதிர்த்து வேலை செய்யும் ஒரு பெரிய ஆய்வகம் இருக்கிறது. ஊரில் சிக்ரி என்பார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, பாலத்தை எப்படிக் காப்பது, மின்கலத்தை எப்படி மேம்படுத்துவது என்பதெல்லாம் அங்கே ஆராய்ச்சி. துருவே தரையாக இருக்கிற ஊரில் துருவுக்கு ஆய்வகம்! இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

சரி, முற்றத்துக்குத் திரும்புவோம். அண்டாக்கள் நிரம்பி வழிந்தன. மிச்சத் தண்ணீர் வளவு வாசலின் மூலையிலிருந்த துவாரத்தில் சுழித்துக்கொண்டு இறங்கியது. அங்கிருந்து தரைக்கு அடியில் சாக்கடை மாதிரி ஒரு கால்வாய். சாக்கடை என்று சொன்னதும் ஆச்சி முறைத்தார். "அது சாக்கடை இல்லை. நல்ல தண்ணி போற வழி." மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒரு வழி பின்கட்டுக் கிணற்றுப் பக்கம் போகிறது. இன்னொரு வழி தெருவுக்கு. தெருவோரக் கால்வாய் ஊரின் சரிவைப் பார்த்து ஊருணிக்குப் போகிறது. அதனால்தான் இந்த ஊர்களில் தெருக்களை வரைகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போட்டிருக்கிறார்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொண்டு போட்ட தெரு.

ஊருணி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: ஊரார் உண்ணும் நீர். வயலுக்குப் பாயும் கண்மாய் வேறு, ஊருணி வேறு. குடிக்க மட்டும். கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, துணி பிழியக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கல் எறிந்தால்கூடக் கரையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு தாத்தா கம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். நான் வாங்கியிருக்கிறேன்.

ஊருணியின் வடிவத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் செம்புறாங்கல்லால் படிக்கட்டு, கிண்ணம் மாதிரி உள்நோக்கி இறங்கும். ஏன் அகலமாக, ஆழமில்லாமல் வெட்டவில்லை? வெயில் காரணம். நம் ஊர் வெயிலில் திறந்த நீர்நிலை நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்தை ஆவியாக இழக்கும். நூறு நாளில் அரை மீட்டருக்கு மேல். இழப்பு மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஒரே அளவு தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வையுங்கள்; அதே அளவைச் செம்பில் ஊற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். சாயங்காலம் எதில் மிஞ்சியிருக்கிறது? ஊருணி வெட்டியவர்கள் செம்பின் கட்சி.

மழைக்குப் பிறகு வரும் ஊருணித் தண்ணீர் டீ மாதிரி செந்நிறமாக இருக்கும். அதை எப்படிக் குடித்தார்கள்? ஆச்சி அலமாரியிலிருந்து பொத்தான் அளவில், வழவழப்பான சாம்பல் நிறக் கொட்டை ஒன்றை எடுத்து வந்தார். தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொட்டையைச் சரட்டுச் சரட்டென்று தேய்த்தார். வெள்ளையாக ஒரு சந்தனக் குழம்பு வந்தது. கலங்கல் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு, "போய்ச் சோறு சாப்பிட்டு வாங்க" என்றார்.

வந்து பார்த்தோம். அடியில் சேறு படிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். பேரன் "மேஜிக்!" என்று கத்தினான்.

மேஜிக் இல்லை. களிமண் துகள்கள் மிகமிகச் சின்னவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரே வகையான மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். சண்டை போட்ட பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்காருவது மாதிரி. அதனால் சேர்ந்து கனமாகிக் கீழே போகாமல் நாள்கணக்கில் மிதக்கும். தேத்தாங்கொட்டையில் நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒரு சங்கிலி பல துகள்களை ஒட்டிப் பிடித்துக் கட்டிவிடும். கட்டு கனத்தால் மூழ்கும். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் படிகாரம் போட்டுச் செய்யும் வேலையும் இந்த மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. சேறு போய்விடும், கிருமி போகாது. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

மழை விட்டபின் தாழ்வாரத்தில் குளுகுளுவென்று இருந்தது. மின்விசிறி ஓடவில்லை, மழை வந்தால் மின்சாரம் போவதுதானே வழக்கம். வளவு வாசல் தண்ணீருக்கு மட்டும் இல்லை, காற்றுக்கும் சேர்த்துத்தான். சோதித்துப் பார்க்க ஊதுபத்தி ஒன்று போதும். வெயில் எட்டிப் பார்த்ததும் முகப்புக் கதவருகே ஏற்றி வைத்தோம். புகை நேராக மேலே போகாமல் வளைந்து உள்ளே, வளவைப் பார்த்து நகர்ந்தது. முற்றத்தின் விளிம்புக்கு வந்ததும் சரேலென்று மேலே ஏறியது. வெயில் படும் முற்றத்தில் காற்று சூடாகி விரிந்து லேசாகிறது. லேசானது மேலே போகும். அந்த இடத்தை நிரப்பத் தெருவிலிருந்து காற்று உள்ளே வர வேண்டியதுதான். வீடே ஒரு பெரிய புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவு, அதற்குப் பின் கதவு என்று பின்தெரு வரை நேர்க்கோட்டில் தெரியும். காற்று முட்டாமல் போக வேண்டும் அல்லவா?

பேத்தி சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஜில்லுன்னு இருக்கு. கண்ணாடி மாதிரி மூஞ்சி வேற தெரியுது."

இந்தச் சுவரைப் பற்றி நான் ஆசை தீரப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருடத்துக்கு மேல் பெயிண்ட் படாத சுவர். பூச்சு முழுக்கச் சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஓடிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கும். நீற்றுவது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசுகிறார்கள். இப்போது பாருங்கள் வேடிக்கையை. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிவிடுகிறது! கல்லைத் தூளாக்கி, சுவரில் தடவி, அங்கேயே மறுபடி கல்லாக்குவது. நாம் விடும் மூச்சும் அந்தச் சுவருக்குத் தீனி.

வீட்டில் செய்து பார்க்கலாம், பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் ஒரு டம்ளரில் இறுத்து, உறிஞ்சு குழாயால் மெல்ல ஊதுங்கள். உறிஞ்சிவிடாதீர்கள், கண்ணில் தெறிக்கவும் விடாதீர்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். உங்கள் மூச்சிலிருந்து பிறந்த சுண்ணாம்புக் கல் தூள்தான் அந்தப் பால்.

செட்டிநாட்டுப் பூச்சில் சுண்ணாம்பு மட்டும் இல்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேரும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல பூச்சு. மேலே போகப் போக மாவு மாதிரி நைசாக அரைத்த சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு. பிறகு வழவழப்பான கல்லால் தேய் தேய் என்று தேய்ப்பார்கள்.

"ஐயே, முட்டையா? நாத்தம் வராதா?" என்றான் பேரன்.

சரியான சந்தேகம்! முட்டை கெட்டுப்போவது நுண்ணுயிர்களால். புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம். அதற்குள் நுண்ணுயிர் பிழைக்காது. வெள்ளைக்கருவிலுள்ள புரதம் சுண்ணாம்புத் துகள்களுக்கு நடுவே பசையாகப் பரவி, ஈரம் சட்டென்று ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்பு நிதானமாக இறுகும்; நிதானமாக இறுகினால் வெடிப்பு விடாது. தேய்க்கும்போது மேற்பரப்பு அடர்த்தியாகி ஒளியை ஒழுங்காகத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் முகம் தெரிகிறது. "எங்க வீட்டு முட்டையெல்லாம் செவுத்துக்கே போச்சு, எங்களுக்கு ஒரு ஆம்லெட் கிடைக்கலைன்னு எங்க ஐயா சொல்வாக" என்றார் ஆச்சி. இது எவ்வளவு நிஜம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

காலுக்குக் கீழே இருந்த தரையும் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஆத்தங்குடிக் கல். சூளையில் சுடாத கல் அது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, பூ வரைந்த அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை அள்ளிப்போட்டு மட்டமாக்குவார்கள். ஒரு நாள் போனதும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊறப்போடுவார்கள். காயவைக்க வேண்டியதை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள் என்று தோன்றும். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. தண்ணீர் தீர்ந்தால் வினை நின்றுவிடும். சுண்ணாம்புக்குக் காற்று தீனி, சிமெண்டுக்குத் தண்ணீர் தீனி. கடைசியில் கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இருக்கும். பாலிஷ் தேவையில்லை.

வெளிச்சம் மங்கியது. பிள்ளைகளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மாமா, இந்த ஓட்டையில போற தண்ணி நிஜமாவே தெருவுக்கு வருதா?"

போட்டுப் பார்த்துவிடுவோம் என்றேன். மூன்று வேப்பிலைகள். ஒன்றில் மஞ்சள் தடவினோம், ஒன்றில் குங்குமம், ஒன்று சும்மா. வளவு வாசல் துவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுவிட்டு, ஓட்டம்! வளவை அடுத்த பட்டாலை, முகப்பு, திண்ணை, படிகள். வீடு அவ்வளவு நீளம், எனக்கு மூச்சு வாங்கியது. தெருக் கால்வாயின் வாயில் குந்தி உட்கார்ந்தோம்.

மஞ்சள் இலை வந்தது. இருவரும் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் சும்மா இலையும் வந்து, திரும்பி, ஊருணிப் பக்கம் மிதந்து போனது. குங்கும இலையைக் காணோம். பத்து நிமிடம் காத்திருந்தோம். தண்ணீரும் இளைத்துவிட்டது.

திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆச்சியிடம் பேத்தி ஓடினாள். "அப்பத்தா, ஒரு இலை வரலை! கெணத்துக்குப் போயிடுச்சா?"

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "கெணத்து வழியிலே சல்லடைக் கல்லு இருக்கு ஆத்தா, எலை போகாது. உள்ளே எங்கேயோ அடைச்சிருக்கு." பிறகு உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார்: "நாளைக்கு ஆளை வரச் சொல்லுங்க. பட்டாலை மூடுகல்லைத் தூக்கிப் பாக்கணும். அடுத்த மழைக்குள்ளே."